நண்டுக்காட்டின் விலக்கு மனு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காது மந்தமானவர்கள் முன்னால் வரட்டும். கைப்பிள்ளைக்காரி சுவரில் சாய்ந்துகொள்ளட்டும், அவளுக்குத்தான் முதுகு வலி அதிகம். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். நடந்த கதை இல்லை. இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் கழித்து நடக்கப்போகிற கதை. ஆனாலும் நேற்று நடந்ததுபோலத்தான் சொல்வேன். நடக்கும், போகும், வரும் என்று இழுத்தால் உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் மழையை விலைக்கு விற்றார்கள்.

சிரிக்காதீர்கள். தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்பார்கள் என்று என்னைப் பெற்றவளிடம் சொல்லியிருந்தால் அவளும் இப்படித்தான் சிரித்திருப்பாள். மேகத்தைக் கொஞ்சம் தள்ளவும் கொஞ்சம் நிறுத்திவைக்கவும் கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த வட்டாரத்தில் எந்தக் கிழமை எத்தனை நிமிஷம் மழை என்பது சந்தையில் ஏலம் போயிற்று. விடுதி வைத்திருப்பவன் வேண்டாம் என்று வாங்கினான். அணைக்கட்டுக்காரன் வேண்டும் என்று வாங்கினான். இருவருக்கும் போக மிச்சமிருந்த மழை, ஏலத்தில் கை தூக்க வக்கில்லாதவன் தலையில் விழுந்தது.

சந்தை என்றால் ஏமாற்று இருக்கும். ஏமாற்றைப் பிடிக்க மழைச்சந்தை ஆணையம் என்று ஒன்று வந்தது. அது போட்ட முதல் சட்டம் இது: மழையை வைத்து இரண்டு பேர் செய்துகொள்கிற எந்த ஏற்பாடும் சந்தை வழியாகத்தான் நடக்க வேண்டும். 'மழை பெய்து உனக்கு நட்டமானால் நான் இதைத் தருகிறேன்' என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் தனியாகச் சொன்னால் குற்றம். பெரிய கம்பெனிகளின் திருட்டுத்தனத்தைப் பிடிக்கத்தான் வலை பின்னினார்கள். கண் சின்னதாக இருந்ததால் நண்டுக்காடும் மாட்டிக்கொண்டது.

நண்டுக்காடு தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய உப்பள ஊர். இருநூற்றுப் பதினான்கு பேருக்கு ஆளுக்கு ஓர் அளம். அதிலொருத்திதான் நம் ஹெப்சிபா. நாற்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த பாதம். சங்கத்துக்குச் செயலாளர். ஒரு காகிதத்தை முழுதாக வாசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்பதற்காகவே அவளைச் செயலாளர் ஆக்கினார்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. உப்பு விளைகிற கோடையில் அரைமணி நேர மழை போதும், அளத்தின் ஓரத்துத் தட்டுமேட்டில் குவித்துவைத்த இருபது நாள் உப்பு கரைந்து சேற்றோடு போய்விடும். கோடை மழைக்குத்தான் நியாயம் கிடையாதே. இந்த வரப்பில் பெய்யும், அந்த வரப்பில் பெய்யாது. அப்படிக் கரைந்து நிற்பவர்களுக்கு மற்றவர்கள் மறுநாள் காலையில் உப்புக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கொட்டும்போது அந்த அளத்துக்காரர் தட்டுமேட்டுக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்து நிற்க வேண்டும். சத்தமாகப் பாடவும் வேண்டும், காலடியை வைத்து ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா. ஊர் முழுக்கக் கூடை தூக்கும். எல்லாக் கூடையும் சாக்கால் மூடியிருக்கும். எல்லார் கண்ணிலும் அளத்துக் கறுப்புக் கண்ணாடி, எல்லார் முகத்தையும் சுற்றித் துண்டு. சிலர் கூடையில் உப்பு நிறைய இருக்கும், சிலர் கூடையில் பாதி. ஒன்றுமே இல்லாதவர் வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பார். யாரும் யார் சாக்கையும் தூக்கிப் பார்ப்பதில்லை. பாட்டு முடிந்து திரும்பினால் உப்பு இருக்கும், ஆள் இருக்காது. நன்றி என்று சொல்ல யார் முகமும் இல்லை.

'திரும்பி நிக்கது' என்று அதற்குப் பெயர். மூன்று கோடைக்கு முன்னால் ஹெப்சிபாவே அப்படித் திரும்பி நின்றிருக்கிறாள். தனக்குத் தெரிந்த ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டு மூன்றையும் பாடி முடித்துத் திரும்பியபோது இடுப்பு உயரத்துக்கு உப்பு. அது இல்லாவிட்டால் அவள் அளம் அந்த வருஷமே கடலோரத்து உப்புக் கம்பெனிக்கு விலை போயிருக்கும்.

யார் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. யார் கொடுக்கவில்லை என்பது மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அளத்துக் கிறிஸ்துதாஸ். இரண்டு அளத்துக்கும் நடுவில் ஓடுகிற வாய்க்கால் வரப்பை அவர் ஒரு சாண் உயர்த்திக் கட்டினார், இவள் மண்வெட்டியால் வெட்டிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவர் கூடையில் காற்றுதான் இருந்திருக்கும் என்று தனக்குள் சத்தியமே செய்து வைத்திருந்தாள்.

இப்போது ஆணையம் ஊருக்கு அனுப்பிய நோட்டீசுக்கு வருகிறேன்.

ஆணையத்துக்கு வானத்தில் ஒரு கண் உண்டு. ஊர்க்காரர்கள் அதை 'மாடிவீட்டுக்காரன்' என்பார்கள். மனிதர் முகத்தைப் பார்க்கிற அளவுக்கு அது கூர்மை இல்லை, உப்புக் குவியலின் உயரம் மட்டும் தெரியும். பதினொரு வருஷமாக ஒவ்வொரு கோடை மழைக்குப் பிறகும் இங்கே குவியல் குறைகிறது, அங்கே உயர்கிறது, விற்பனைச் சீட்டு மட்டும் இல்லை என்று அது கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது. நோட்டீஸ் சுருக்கமாக இருந்தது. இது பதிவு செய்யாத மழை ஏற்பாடு. இனி ஒருமுறை நடந்தால், ஈடுபட்டவர்களின் உப்புத்தண்ணீர் மோட்டாருக்கு சீல். வேண்டுமானால் விதியிலிருந்து விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம்.

மோட்டார் இல்லாமல் அளம் இல்லை. இதுதான் விஷயம், கண்ணுகளா. கொடுத்தால் மோட்டார் போகும். கொடுக்காவிட்டால் அடுத்த மழையில் கரைகிறவன் அளம் போகும்.

ஹெப்சிபா நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதும் கடை வைத்திருந்த செல்வினிடம் போனாள். செல்வின் இந்த வட்டாரத்தின் எல்லாப் படிவத்தையும் பார்த்தவர். விலக்கு மனுவுக்கான விதித்தாளை எடுத்து மேஜையில் விரித்தபோது அவர் முகமே கொஞ்சம் மாறியது.

"மத்த எல்லா மனுவுக்கும் இயந்திரம் பதில் சொல்லிரும்க்கா. இது ஒண்ணுதான் மனுசன் கையால எழுதி, மனுசன் கண்ணால வாசிக்கது. மையில கையெழுத்து வேணும். இரக்கத்த மட்டும் இயந்திரத்துக்கிட்ட விட்டுரக் கூடாதுன்னு சட்டம் எழுதுனவன் நெனைச்சிருக்கான்."

"நல்ல காரியந்தான."

"நல்ல காரியந்தான். அதனாலதான் ஆணையம் முழுக்கத் தேடுனாலும் இத வாசிக்க ஒரே ஒரு ஆளு இருக்கு. அந்த ஆளுகிட்டப் போறதுக்கு முன்னால ஏழு வாசல்."

அவர் வாசல் வாசலாகச் சொன்னார். எந்த விதியின் எந்தப் பிரிவிலிருந்து விலக்கு என்று எண்ணோடு சொல்ல வேண்டும். ஏற்கெனவே செய்து முடித்ததற்கு விலக்குக் கிடையாது, இனிச் செய்யப்போவதற்குத்தான். கற்பனையாக 'இப்படி நடந்தால்' என்று கேட்கக் கூடாது. யார் சார்பில் கேட்கிறோமோ அவர்களைப் பெயர், முகவரியோடு காட்ட வேண்டும். விவரம் முழுதும் தெரிந்த ஒருவர், சொன்னதெல்லாம் உண்மை, எதையும் விடவில்லை என்று உறுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதில் வருவதற்குள்ளும் வந்த பிறகும், சொன்ன விவரத்தில் எது மாறினாலும் உடனே எழுதித் தெரிவிக்க வேண்டும். கடைசி வாசல்தான் ஹெப்சிபாவுக்கு உறைத்தது. கிடைக்கிற விலக்கு பெயர் சொன்னவர்களுக்கு மட்டும். வேறொருவர் அதன் மேல் சாய முடியாது.

"பட்டியல்ல இல்லாதவன் அளத்துல மழை பெஞ்சா?" என்று கேட்டாள்.

"அவன் நனைவான்" என்றார் செல்வின்.

முதல் மனு பத்து நாளில் திரும்பி வந்தது. பிரிவு எண் தப்பு. இரண்டாவது மனு பதினைந்து நாளில் திரும்பியது. கொடுப்பவர் பெறுபவர் பெயர் இல்லை. மூன்றாவது திரும்பி வந்தபோது கூடவே தடித்த பழுப்பு உறை ஒன்று அரக்கு முத்திரையோடு வந்தது. அன்று மதியமே தொலைபேசியும் அடித்தது. ஆணையத்தில் விலக்கு மனுக்களை வாசிக்கிற அந்த ஒரே ஆள் பேசினாள். பெயர் மிருதுளா. குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயதுக்குமேல் இருக்காது.

"உங்க மனுவை மூணு தடவையும் நான்தாம்மா வாசிச்சேன். எனக்கு இது புரியுது. ஆனா பெயர் இல்லாம நான் எதுவும் பண்ண முடியாது. அதனாலதான் அந்தக் கவரை அனுப்பச் சொன்னேன்."

"அதுல என்ன இருக்கு மேடம்?"

"பதினொரு வருஷத்துல உங்க ஊர்ல யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு இருக்கு. குவியல் உயரத்தை வச்சு இயந்திரம் கணிச்சது. பிரிச்சுப் படிங்க, அப்புறம் உங்களுக்கு முழு விவரமும் தெரிஞ்சதா ஆயிடும். பட்டியலை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒரே வாரத்துல விலக்கு."

"அதுல பேரு இல்லாதவங்க?"

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள், "ஒருதடவைகூட குடுக்காதவங்க, வாங்காதவங்க ஏற்பாட்டுல இல்லாதவங்கன்னுதான் எடுத்துக்குவோம்" என்றாள். "கவரைப் பத்திரமா வச்சுக்கோங்க. அது ஆணையத்தோட சொத்து. கெடாம பாதுகாக்கணும், கேட்கும்போது காட்டணும்னு விதி இருக்கு."

அந்த மதியம் அளத்துக் கொட்டகையில் ஹெப்சிபா உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் குத்தியது. திறந்தால் ஒரு வாரத்தில் கவலை தீரும். பக்கத்து வீட்டு மரியசெல்வம் போன்றவர்கள் பட்டியலில் விடுபட்டுப்போவார்கள் என்பது உண்மைதான். இரண்டு பாத்தியை வைத்துக்கொண்டு நோயாளிப் புருஷனைப் பார்க்கிற அவள், வருஷா வருஷம் வெறுங்கூடையைத்தான் தூக்கியிருப்பாள். அது வெறுங்கூடை என்பது ஊர் பார்க்காமல் இருக்கிற வரையில் அவளும் மற்றவர்களைப்போலத் தலை நிமிர்ந்து நடப்பாள். இதெல்லாம் ஹெப்சிபாவுக்குப் புரிந்தது.

ஆனால் பொய் சொல்லக் கூடாது, அவள் கை உறையின் விளிம்பைத் தடவியதற்குக் காரணம் இரக்கமோ விலக்கோ இல்லை. கிறிஸ்துதாஸ் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை என்று ஒரே ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வருஷக் கோபத்துக்கு ஒரு ரசீது.

அரக்கில் நகம் பட்டது. அவள் எழுந்துவிட்டாள். உறையோடு விறுவிறுவென்று வாய்க்கால் வரப்பைத் தாண்டி நடந்தாள். கிறிஸ்துதாஸ் பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார். இவள் வருவதைக் கண்டதும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றார். அறுபதை நெருங்கிய ஆள், கழுத்து மட்டும் காளை மாதிரி.

"யார் குடுத்தா, யார் குடுக்கலேன்னு எல்லாம் இதுல இருக்காம்" என்றாள்.

அவர் உறையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"பிரிச்சிட்டியா?"

"இல்ல."

"பிரிக்கணும்னா பிரி. எங்கிட்ட எதுக்குக் கொண்டு வார?"

"ஒமக்குப் பயமா இருக்கா?"

"இருக்கு" என்றார் அவர், யோசிக்காமல். "நான் குடுத்தேன்னு அதுல இருந்தா நீ எனக்குத் தலை குனியணும். குடுக்கலேன்னு இருந்தா நான் ஒனக்குக் குனியணும். இப்ப நீ ஒரு அளக்காரி, நான் ஒரு அளக்காரன். வரப்புக்குச் சண்டை போடுதோம். இது நல்லாருக்கு. இத எதுக்குக் கெடுக்க?"

பன்னிரண்டு வருஷத்தில் பேசியது அவ்வளவுதான். பேசி முடித்துவிட்டு அவர் மறுபடி உப்பு வாரத் தொடங்கினார், அவள் வந்த வழியே திரும்பினாள்.

சங்கக் கூட்டத்தில் ஊரே கூடியது. உறையைத் திறக்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள், அதை மறைக்க மாட்டேன். மோட்டார் போனால் பிள்ளைகளுக்கு என்ன போடுவது என்று கேட்பவனை அற்பன் என்று யார் சொல்ல முடியும். ஹெப்சிபா கடைசிவரை கேட்டுவிட்டு, திறக்க வேண்டுமென்று நினைப்பவர்கள் தங்கள் கூடையில் இதுவரை என்ன இருந்தது என்பதை முதலில் எழுந்து சொல்லட்டும் என்றாள். ஒருவரும் எழவில்லை. நிறையக் கொடுத்தவர்களும் எழவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

நான்காவது மனுவை அவளே எழுதினாள். செல்வின் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார். அதில் இருந்த முக்கியமான வரிகள் இவை:

'கொடுப்பவர் என்ற இடத்தில் எங்கள் ஊர் இருநூற்றுப் பதினான்கு பேரின் பெயரையும் எழுதியிருக்கிறேன். பெறுபவர் என்ற இடத்திலும் அதே இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். இவர்களில் யார் யாருக்குக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியாது. எவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எங்கள் ஏற்பாடு. நீங்கள் அனுப்பிய உறையை நான் திறக்கவில்லை, திறக்கப்போவதும் இல்லை. இவை உண்மை என்றும், எதையும் விடவில்லை என்றும் உறுதி கூறுகிறேன். நாங்கள் தெரிந்துகொள்ளும் நாள் வந்தால், விவரம் மாறிவிட்டது என்று விதிப்படி உடனே தெரிவிப்பேன்.'

செல்வின் இரண்டு தடவை வாசித்தார்.

"அக்கா, இது மனுவா, மல்லுக்கு நிக்கதா?"

"ரெண்டுந்தான். தபால்ல போடுங்க."

பதில் எழுதுவதுதான் மனுஷி, சரிபார்ப்பது இயந்திரம். முதலில் இயந்திரத்தின் உத்தரவு வந்தது. மனுவில் சொன்னதை நேரில் சரிபார்க்க வேண்டும். மே மாதம் பதினேழாம் தேதி மாலை மூன்று நாற்பதிலிருந்து நான்கு பத்துவரை நண்டுக்காட்டின் தென்பகுதியில் மழை. யாரோ ஏலத்தில் வேண்டாமென்று தள்ளிய மழை. மறுநாள் அலுவலர் அங்கே நின்று, யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று கண்ணால் கண்டு எழுத வேண்டும். விலக்கு இன்னும் வராததால், அவர் எழுதுகிற பெயர்க்காரர்களின் மோட்டாருக்கு சீல்.

மிருதுளா பதினேழாம் தேதி மத்தியானம் பேருந்தில் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, மார்பில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பதிவுக்கண். அது பார்ப்பதெல்லாம் ஆணையத்துக்குப் போகும். ஹெப்சிபா அவளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தாள், இல்லாவிட்டால் உப்பு வெளிச்சத்தில் கண் போய்விடும். மனுதாரரிடம் எதையும் வாங்கக் கூடாது என்று அந்தப் பெண் தயங்கினாள். இரவல்தான், போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்றபிறகு போட்டுக்கொண்டாள்.

"அந்தக் கவர் எங்கம்மா? பார்க்கணும்" என்றாள் முதல் வேலையாக.

ஹெப்சிபா அவளைச் சங்கக் கட்டடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய பீங்கான் சாடியைக் காட்டினாள். சாடி நிறைய உப்பு. உப்பின் நடுவே பழுப்பு உறையின் ஒரு மூலையும் அரக்கு முத்திரையும் மட்டும் வெளியே தெரிந்தன. முத்திரை முழுதாக இருந்தது.

"கெடாமப் பாதுகாக்கணும்னு சொன்னீங்கள்லா. எங்களுக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான்."

மிருதுளா சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். பிறகு, ஏதோ மன்னிப்புக் கேட்பவளைப்போல, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நாளைக்கு நான் பார்க்கிறதை எழுதித்தான் ஆகணும். எனக்கும் உறுதிக் கையெழுத்து உண்டு. பொய் எழுத என்னால முடியாது."

"பொய் எழுதச் சொல்லல மேடம். எங்க ஊர்ல எங்க நிக்கணும்னு மட்டும் சொல்லுதேன். கூடை தூக்காதவங்க, கரைஞ்சவங்களோட சேந்து கடலைப் பாத்து நிக்கணும். வெளியூர் ஆளுன்னாலும் அப்படித்தான்."

மாலை மூன்று நாற்பதுக்கு மழை வந்தது, சொன்ன நேரம் தப்பாமல். நான்கு பத்துக்கு நின்றது. தெற்கே ஏழு பேர் அளம் கரைந்து பால்போல ஓடியது. அதில் கிறிஸ்துதாஸ் அளமும் ஒன்று. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஹெப்சிபாவின் குவியல் நனையக்கூட இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏழு பேரும் கடலைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். மிச்சம் இருநூற்று ஏழு பேர், துண்டும் கண்ணாடியும் சாக்கு மூடிய கூடையுமாக, வடக்கு வரப்பில் நின்றார்கள். நடுவில் மிருதுளா, கூடைகளைப் பார்த்தபடி நின்றாள். ஏழு பேரும் பாடத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு பாட்டு, ஒன்றோடொன்று சேராது. அதுதான் வழக்கம்.

கூடைகள் நகரவில்லை.

தலையில் சுமையோடு இருநூற்று ஏழு பேர் அப்படியே நின்றார்கள். அலுவலர் பார்ப்பதால் பயந்து கொடுக்காமல் திரும்பிப் போவார்கள் என்று இயந்திரம் நினைத்திருக்கலாம், அல்லது முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஓடிக் கொட்டுவார்கள் என்று. இப்படிச் சும்மா நிற்பார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. கால்மணி ஆயிற்று. அரைமணி ஆயிற்று. வெயில் ஏறியது. ஏழு பேரும் முதல் பாட்டை முடித்து, இரண்டாவதை முடித்து, முதல் பாட்டையே மறுபடி எடுத்தார்கள். மரியசெல்வத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கூடையை இறக்கவில்லை. அது வெறுங்கூடையாக இருந்திருக்கலாம், ஆனால் கழுத்து புடைத்தது உண்மை.

ஹெப்சிபா முன்வரிசையில் நின்றாள். அவளுக்கும் மிருதுளாவுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை.

"நான் பார்க்கலைன்னா என் வேலை என்னாகும் தெரியுமா உங்களுக்கு?" என்றாள் மிருதுளா. கேட்டது ஹெப்சிபாவைத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"தெரியாது" என்றாள் ஹெப்சிபா. "எனக்கு எது தெரியாதோ அதைத் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்களும் போடலாம். அதுக்கு விதியில தடை இல்ல. ஏழு விதியையும் படிச்சுப் பாத்துட்டேன்."

அந்தப் பெண் இருநூற்று ஏழு கூடைகளையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கடல் பக்கம் திரும்பி, ஏழு பேருக்குப் பக்கத்தில் எட்டாவது ஆளாகப் போய் நின்றுகொண்டாள். பதிவுக்கண் அலையைப் பார்த்தது.

"பாட்டுப் பாடணும்" என்றார் கிறிஸ்துதாஸ், அவளைத் திரும்பிப் பார்க்காமலே.

"எனக்கு எந்தப் பாட்டும் முழுசாத் தெரியாதே சார்."

"தெரிஞ்சதச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லணும், அவ்வளவுதான்."

அவளுக்கு முழுதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். விலக்கு மனு விதிகள் ஏழையும், பிரிவு எண்களோடு, தொண்டை கிழியக் கடலைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள்.

அப்போதுதான் கூடைகள் நகர்ந்தன.

ஹெப்சிபாவும் நடந்தாள். அவள் கூடை கனத்தது, அதுவரைக்கும் சொல்வேன். எந்த வரப்பில் ஏறினாள், எந்த வாய்க்காலைத் தாண்டினாள், யாருடைய தட்டுமேட்டில் கொட்டினாள் என்று என்னைக் கேட்காதீர்கள், கண்ணுகளா. இவ்வளவு நேரம் அவள் தோளை ஒட்டியே வந்த நான் அந்த இடத்தில் திரும்பி நின்றுகொண்டேன். நீங்களும் திரும்பிக்கொள்ளுங்கள். விதி அஞ்சு, பிரிவு இரண்டு என்று அந்தப் பெண் கத்துவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பாருங்கள்.

சரி, இப்போது திரும்பலாம். ஏழு தட்டுமேட்டிலும் உப்பு இருந்தது.

மிருதுளாவின் அறிக்கை நான்கே வரி. தான் காலை எட்டு மணி முதல் பத்தரை வரை சம்பவ இடத்தில் இருந்ததாகவும், அந்த ஊர் வழக்கப்படி கடலைப் பார்த்து நின்றதாகவும், யார் யாருக்குக் கொடுத்தார் என்று தனக்குத் தெரியாது என்றும், மனுவில் சொல்லப்பட்டதும் தான் நேரில் கண்டதும் ஒத்துப்போகின்றன என்றும் எழுதி, உண்மை, எதையும் விடவில்லை என்று மையில் கையெழுத்துப் போட்டிருந்தாள். இயந்திரம் அதை மூன்று வாரம் புரட்டிப் பார்த்தது. மனுதாரர் சொன்னதும் நேரில் பார்த்ததும் ஒன்றாக இருந்தால் மனு முழுமையானது என்பது அதன் சொந்த விதி. முழுமையான மனுவுக்குப் பதில் எழுத வேண்டியவள் மனுஷி. அவள் எழுதினாள்.

கடிதத்தை ஹெப்சிபா சங்கத்தில் உரக்க வாசித்தாள். மனுவில் பெயர் சொல்லப்பட்ட இருநூற்றுப் பதினான்கு பேர் மீதும் நடவடிக்கை எடுக்க இந்த அலுவலகம் பரிந்துரைக்காது. மனுவில் சொல்லப்பட்ட விவரங்கள் மாறாத காலம்வரை இது செல்லும்.

"அப்படீன்னா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"யாருக்கும் தெரியாதுங்கறதுதான் விவரம்" என்றாள் ஹெப்சிபா. "அது மாறாதவரைக்கும்."

மிருதுளாவுக்கு அந்த வேலை நிலைக்கவில்லை. கோப்பு அறைக்கு மாற்றினார்கள், பிறகு அவளே விலகிவிட்டாள் என்று செல்வின் சொன்னார். போகுமுன் ஹெப்சிபாவுக்கு ஒரு தபால் அட்டை அனுப்பியிருந்தாள். இரவல் கண்ணாடியைத் திருப்பித் தர மறந்துவிட்டதாகவும், விவரம் மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பதால் தெரிவிப்பதாகவும் எழுதியிருந்தாள்.

உறை இன்னும் அந்தச் சாடியில்தான் இருக்கிறது. ஈரக்காற்றில் உப்பு இறுகி இறுகி ஒரே பாளமாகிவிட்டது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் சாடியை உடைக்க வேண்டும், சாடி சங்கச் சொத்து, சங்கச் சொத்தை உடைக்க இருநூற்றுப் பதினான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஹெப்சிபா ஒரு தீர்மானம் எழுதி வைத்துவிட்டாள். படிவம் எழுதக் கற்றுக்கொண்டது ஆணையத்தார் மட்டும்தானா என்ன.

கிறிஸ்துதாசும் அவளும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. அந்த மழைக்கு அடுத்த வாரம் அவர் வாய்க்கால் வரப்பில் மறுபடி ஒரு சாண் மண் போட்டார். அவள் மண்வெட்டியோடு போனாள். அரைச் சாண் மட்டும் வெட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். அவர் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

கதை முடிந்தது, எழுந்திருங்கள். பிள்ளையைத் தூக்கும்போது கழுத்தைத் தாங்கித் தூக்கு, பெண்ணே. உங்கள் வீட்டு உப்புச் சாடி அடி தெரியாமல் இருக்கட்டும். உங்கள் கூரை மேல் வேண்டிய மழை வேண்டிய நாளில் விழட்டும், வேண்டாத மழை விழுந்த அன்றைக்கு நீங்கள் திரும்பி நின்று பாடி முடிப்பதற்குள் உங்கள் வாசல் நிறைந்திருக்கட்டும். யார் நிறைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும்.